குளக்கட்டு உடைவதற்கு முன் கேட்கவேண்டிய கேள்விகள்

2006 யூலையில் மாவிலாற்றின் மதகு மூடப்பட்டது. அதைத் திறப்பதற்கென்று தொடங்கிய படை நடவடிக்கை, மூன்று ஆண்டுகளின் பின் முள்ளிவாய்க்காலில் முடிந்த யுத்தத்தின் தொடக்கமாக அமைந்தது. 2025 நவம்பர் 30ஆம் திகதி, டித்வா புயல் கொண்டுவந்த வெள்ளத்தில் அதே மாவிலாற்றின் அணைக்கட்டு உடைந்தது. மூதூர், வெருகல், சேருவில பக்கத்துக் கிராமங்களுக்குள் வெள்ளம் புகுந்தது. ஒரு முறை தண்ணீர் வராததால் அவலம். மற்றொரு முறை தண்ணீர் வந்ததால் அவலம். இரண்டு முறையும் அகப்பட்டுக்கொண்டவர்கள் அணைக்கட்டுக்குக் கீழே வாழும் தமிழ், முஸ்லிம், சிங்கள விவசாயிகள்தான்.

ஒரு மதகு, ஒரு பாலம், ஒரு மின்மாற்றி, ஒரு வைத்தியசாலை. இவை இயங்கும்போது யாரும் இவற்றைப் பற்றிப் பேசுவதில்லை. நின்றுபோகும் நாளில்தான் நமது அன்றாட வாழ்க்கை எவற்றின்மேல் நிற்கிறது என்பது தெரிகிறது. அப்படிப்பட்ட கட்டமைப்புகளை எப்படிக் காப்பது, அவை விழுந்துபோனால் மக்களை எப்படிக் காப்பது என்பதற்கு உலகெங்கும் ஒரு வழிமுறை இருக்கிறது. இடர் மதிப்பீடு என்றும் அவசரகாலத் திட்டமிடல் என்றும் அதைச் சொல்கிறார்கள். இவை பெரும்பாலும் கொழும்பு விடுதிகளில் நடக்கும் செயலமர்வுகளில் மட்டும் கேட்கும் சொற்களாக இருக்கின்றன. ஆனால் இரணைமடுவுக்குக் கீழே, வட்டுவாகல் பாலத்துக்கு அப்பால், வடமராட்சி கிழக்குக் கரையில் வாழ்பவர்களுக்குத்தான் இவை அதிகம் தேவைப்படுகின்றன.

எவை இன்றியமையாதவை?

எல்லாக் கட்டடங்களும் இன்றியமையாத உட்கட்டமைப்பு ஆகிவிடுவதில்லை. ஒன்று செயலிழந்தால் அதைச் சுற்றியுள்ள பெருந்தொகையான மக்களின் உயிர், உடல்நலம், உணவு, தொடர்பாடல் ஆகியவை உடனடியாகப் பாதிக்கப்படுமா என்பதுதான் அளவுகோல். மின்சாரம், குடிநீர், வைத்தியசாலை, தொலைத்தொடர்பு, பெருவீதிகளும் பாலங்களும், எரிபொருள் களஞ்சியம், துறைமுகம், குளங்களும் அணைகளும் எந்த நாட்டிலும் இந்தப் பட்டியலில் வரும்.

வடக்கு, கிழக்கில் இந்தப் பட்டியலை நாமாகவே எழுதிப் பார்த்தால் சில தனித்தன்மைகள் தெரியும். யாழ் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணக்கல் பாறைக்குள் தேங்கும் மழைநீர்தான் கிணற்றுநீர். ஆகவே நிலத்தடி நீர் இங்கே வெறும் இயற்கை வளமாக மட்டும் இல்லை. அதுவே குடிநீர்க் களஞ்சியம். சுன்னாகத்தில் மின்பிறப்பாக்க நிலையத்தைச் சுற்றியிருந்த கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது நடந்ததை ஒரு சூழல் மாசுச் செய்தியாக மட்டும் பார்க்க முடியாது. ஓர் உட்கட்டமைப்பு இன்னோர் உட்கட்டமைப்பை அழித்த கதை அது. 2019இல் உயர் நீதிமன்றம் அந்த நிலையத்தை நடத்திய நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கவேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆனால் மாசடைந்த நிலத்தடி நீரைத் தீர்ப்பு எழுதித் தூய்மைப்படுத்த முடியாது. மின்நிலையத்துக்கு இடம் தேர்ந்த நாளிலேயே "இதிலிருந்து எண்ணெய் கசிந்தால் எங்கே போகும்?" என்று கேட்டிருக்கவேண்டும். இடர் மதிப்பீடு என்பது அடிப்படையில் அந்தக் கேள்விதான்.

இடரை எப்படி எடைபோடுவது?

ஆபத்து வேறு, இடர் வேறு. புயல் ஓர் ஆபத்து. நடுக்கடலில் வீசிக் கடலிலேயே ஓய்ந்தால் அதனால் யாருக்கும் இடர் இல்லை. அந்தப் புயலின் பாதையில் ஓர் ஊர் இருக்கவேண்டும். அந்த ஊரின் வீடுகளும் வீதிகளும் அதைத் தாங்கமுடியாத நிலையில் இருக்கவேண்டும். அப்போதுதான் ஆபத்து இடராகிறது. ஆபத்து, அதன் பாதையில் இருப்பவை, அவற்றின் தாங்குதிறன் ஆகிய மூன்றையும் சேர்த்தே இடரைக் கணிக்கவேண்டும். புயலை நம்மால் தடுக்கமுடியாது. மற்ற இரண்டிலும் நம்மால் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

கணிக்கும்போது இரண்டு கேள்விகள் எழும். இது நடப்பதற்கான வாய்ப்பு எவ்வளவு? நடந்தால் விளைவு எவ்வளவு பெரிது? அடிக்கடி நடக்கும் சிறிய பாதிப்புகளை நாம் தானாகவே கவனித்துக்கொள்கிறோம். மாரியில் ஒழுங்கை ஒன்று வெள்ளத்தில் மூழ்கினால் ஊரே அதைப் பற்றிப் பேசும். அரிதாக நடந்து பெரும் அழிவைத் தரும் நிகழ்வுகள்தான் கண்ணுக்குத் தப்பிவிடுகின்றன.

கந்தளாய் இதற்கு மறக்கக்கூடாத உதாரணம். 1986 ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலையில், ஊர் உறங்கிக்கொண்டிருந்தபோது கந்தளாய்க் குளத்தின் அணைக்கட்டு உடைந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வீடுகளும் வயல்களும் அள்ளுண்டு போயின. அது வடகீழ்ப் பருவமழைக் காலம்கூட இல்லை. அணை என்றால் வெள்ளம் மேவித்தான் உடையும் என்று பலர் நினைக்கிறார்கள். மண் அணைக்கட்டுக்குள் நீர் கசிந்து, உள்ளே மண்ணைக் கொஞ்சங்கொஞ்சமாக அரித்து, வெளியே எதுவும் தெரியாமல் இருந்து ஒருநாள் விட்டுக்கொடுக்கவும் கூடும். அதனால்தான் அணைப் பாதுகாப்பில் கசிவை அளப்பதும், கட்டில் மரம் வேர்விடாமல் பார்ப்பதும், கறையான் புற்றையும் விலங்குகளின் வளைகளையும் தேடி மூடுவதும் சலிப்பூட்டும் அன்றாட வேலைகளாக இருக்கின்றன. சலிப்பூட்டும் வேலைகளுக்குத்தான் நிதி ஒதுக்கீடு முதலில் வெட்டப்படுகிறது.

ஒன்று விழுந்தால் எத்தனை விழும்?

2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகல். பாணந்துறை மின் உபநிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதாகச் சொல்லப்பட்டது. சில நொடிகளில் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. அன்று குரங்கைப் பற்றி வந்த கேலிச் சித்திரங்களுக்குக் குறைவில்லை. ஆனால் கேட்கவேண்டிய கேள்வி வேறு. ஓர் உபநிலையத்தில் ஏற்பட்ட கோளாறு ஏன் பருத்தித்துறை வரை இருளாக்கியது?

விடை மின்வலையமைப்பின் அன்றைய நிலையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மின்பாவனை குறைவு. வெயில் நன்றாக இருந்ததால் கூரைச் சூரியகலங்களின் மின்சாரம் வலையமைப்பில் அதிகம். திடீர் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்வதற்குச் சுழன்றுகொண்டிருக்கவேண்டிய பெரிய பொறிகளின் பங்கு குறைவு. அதனால் ஒரு சிறு குலுக்கல் முழு வலையமைப்பையும் சாய்த்தது. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் மூன்று பொறிகளும் நின்றன. அன்று மாலையே பல இடங்களுக்கு மின்சாரம் திரும்பியபோதிலும், நுரைச்சோலைப் பொறிகளை மீள இயக்க நாட்கள் எடுத்ததால் அடுத்தடுத்த நாட்களில் சுழற்சிமுறை மின்வெட்டு நடைமுறைக்கு வந்தது.

உட்கட்டமைப்புகள் தனித்தனியே விழுவதில்லை. மின்சாரம் போனால் நீர் இறைக்கும் பம்பி நிற்கும். தொலைபேசிக் கோபுரங்கள் மின்கலத்தில் சில மணிநேரம் ஓடி, பின் அணையும். தொலைபேசி அணைந்தால் எச்சரிக்கை போகாது, நோயாளர் காவுவண்டியை அழைக்க முடியாது. வீதி வெள்ளத்தில் மூழ்கினால் மின்பிறப்பாக்கிக்கு டீசல் கொண்டுபோக முடியாது. டித்வாவின்போது பல மாவட்டங்களில் மின்சாரம், தொலைபேசி, வீதி மூன்றும் ஒரே நேரத்தில் அறுந்தன. வெளிநாட்டிலிருந்த பிள்ளைகள் ஊரிலிருந்த பெற்றோரின் குரலைக் கேட்க நாட்கணக்கில் காத்திருந்தார்கள். யுத்தகாலத்துக் காத்திருப்பைப் பலருக்கு அது நினைவூட்டியிருக்கும்.

இந்தச் சங்கிலியைக் காகிதத்தில் வரைந்து பார்ப்பது இடர் மதிப்பீட்டின் முக்கியமான பகுதி. வடமராட்சி கிழக்கில் தாளையடியில் 2024இல் திறக்கப்பட்ட கடல்நீரை நன்னீராக்கும் நிலையத்தை எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீரைத் தரக்கூடியதாக அது அமைக்கப்பட்டது. குடாநாட்டின் நீர்த்தட்டுப்பாட்டுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் கடல்நீரை நன்னீராக்க மின்சாரம் நிறைய வேண்டும். அந்த மின்சாரம் வவுனியா, கிளிநொச்சி வழியாகச் சுன்னாகம் வரும் மின்கடத்தல் பாதையில் தங்கியிருக்கிறது. நிலையம் நிற்கும் கரை 2004இல் ஆழிப்பேரலை அடித்த கரை. கிணற்றுநீரை மாத்திரம் நம்பியிருந்த வீடு மின்சாரம் போனாலும் துலாவாலோ கப்பியாலோ நீர் அள்ளும். குழாய்நீருக்கு மாறி, கிணற்றைத் தூர்த்துவிட்ட வீடு என்ன செய்யும்? இதனால் திட்டம் வேண்டாம் என்று ஆகிவிடாது. கிணற்றைத் தூர்க்காதீர்கள், மேல்நிலைத் தாங்கியில் எத்தனை நாளுக்கு நீர் இருக்கும் என்று கேளுங்கள், நிலையத்துக்கு மாற்று மின்வழி என்ன என்று விசாரியுங்கள் என்றுதான் பொருள்.

ஒரே வழியின் விலை

மாற்று இல்லாத ஒற்றை வழி எவ்வளவு ஆபத்தானது என்பதை உலகில் யாரும் நமக்குக் கற்பிக்கத் தேவையில்லை. 2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டபோது யாழ்ப்பாணத்துக்கு அரிசியும் மருந்தும் கப்பலைப் பார்த்து நின்றன. ஆனையிறவு என்ற ஒரு ஒடுங்கிய தரைப்பாதையில் பல இலட்சம் பேரின் உணவு தங்கியிருந்தது. 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்ட பின்தான் பூநகரி வழியாக இரண்டாவது தரைவழி கிடைத்தது. போக்குவரத்து நேரம் குறைந்ததைத்தான் பலர் அதன் பயனாகச் சொல்வார்கள். இடர் மதிப்பீட்டின் கண்ணால் பார்த்தால், குடாநாட்டுக்கு இரண்டு கதவுகள் ஆனதுதான் அதன் பெரும்பயன்.

2025 நவம்பர் வெள்ளத்தில் பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் பாலம் சேதமடைந்து போக்குவரத்துத் துண்டிக்கப்பட்டது. பின்னர் டிசம்பரில் இந்தியா வழங்கிய 120 அடி நீளமான பெய்லி இரும்புப் பாலம் கிளிநொச்சி மாவட்டத்தில் பொருத்தப்பட்டது. வேறொரு நாட்டிலிருந்து விமானத்தில் பாலம் வரும்வரை ஒரு முக்கிய வீதி காத்திருக்கவேண்டி வந்தது. கழற்றிப் பொருத்தக்கூடிய பாலத் துண்டுகளை முன்கூட்டியே எந்த மாவட்டத்தில் எத்தனை களஞ்சியப்படுத்தி வைப்பது என்பது ஒரு திட்டமிடல் கேள்வி. மழைக்கு முன் அதற்கு விடை தேடினால் செலவு குறைவு.

இரணைமடு சொன்ன பாடம்

2018 டிசம்பர் 21ஆம், 22ஆம் திகதிகளில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பெருமழை பெய்தது. புனரமைக்கப்பட்டு, கொள்ளளவு உயர்த்தப்பட்டிருந்த இரணைமடுக்குளம் நிரம்பியது. வான்கதவுகள் திறக்கப்பட்டன. கனகராயன் ஆற்றின் கீழ்ப்பகுதியில் பன்னங்கண்டி, முரசுமோட்டை, கண்டாவளைப் பக்கங்கள் வெள்ளத்தில் மூழ்கின. யுத்தத்தில் எல்லாவற்றையும் இழந்து, மீளக்குடியேறி, வீட்டுத்திட்டத்தில் கடன்பட்டுக் கட்டிய வீடுகள் அவை. கதவுகள் தாமதமாகத் திறக்கப்பட்டனவா, மக்களுக்கு உரிய நேரத்தில் அறிவிக்கப்பட்டதா என்ற சர்ச்சை எழுந்து, விசாரணைக் குழுவும் நியமிக்கப்பட்டது.

தனிநபர் மீது குற்றம் தேடுவதைச் சற்று ஒத்திவைத்துவிட்டு, கதவைத் திறக்கும் பொறியியலாளரின் இக்கட்டைப் பார்ப்போம். குளத்தில் நீர் இருந்தால்தான் அடுத்து வரும் சிறுபோகம் செய்யலாம். மழை வரும் என்று நம்பி நீரை முன்கூட்டியே திறந்துவிட்டு, மழை பொய்த்தால் விவசாயிகள் அவரைத்தான் கேட்பார்கள். திறக்காமல் வைத்திருந்து மழை கொட்டினால், கீழேயுள்ள ஊர்கள் அவரைத்தான் கேட்கும். நள்ளிரவில், தொலைபேசியில், தனியொருவராக எடுக்கக்கூடிய முடிவா இது?

ஆகவே அந்த முடிவு மழைக்கு முன்பே, பகல் வெளிச்சத்தில், எல்லோரும் கூடியிருந்து எடுக்கப்பட்டிருக்கவேண்டும். எந்த மாதத்தில் குளத்தின் நீர்மட்டம் எத்தனை அடிக்கு மேல் போகக்கூடாது? மேல்நீரேந்து பகுதியில் இவ்வளவு மழை பதிவானால் எத்தனை கதவு, எத்தனை அங்குலம்? திறப்பதற்கு எத்தனை மணிநேரத்துக்கு முன் யாருக்கு அறிவிப்பது? விவசாய அமைப்புகளும் கீழ்ப்பகுதிக் கிராமங்களும் நீர்ப்பாசனப் பொறியியலாளர்களும் சேர்ந்து ஒப்புக்கொண்ட ஒரு விதித்தாள் இருந்தால், பொறியியலாளர் அதைப் பின்பற்றினாரா இல்லையா என்பது மட்டுமே பின்னர் கேள்வியாக இருக்கும். வெள்ளம் வடிந்தபின் கேட்கப்படும் கேள்விகள் அனைத்தையும் வெள்ளத்துக்கு முன் கேட்டு விடை எழுதிவைப்பதுதான் அவசரகாலத் திட்டம்.

குளத்தின் கொள்ளளவை உயர்த்தும்போது இன்னொன்றும் நடக்கிறது. கூடுதல் நீர் என்பது விவசாயிக்குக் கூடுதல் பயிர். கீழே இருப்பவருக்கு அது கூடுதல் இடர். அணைக்கட்டை உயர்த்தும் திட்டத்தோடு, கீழ்ப்பகுதிக்கான புதிய வெள்ள வரைபடமும் வரவேண்டும். கட்டை உயர்த்துவதற்கு நிதி கிடைப்பது போல, வரைபடம் வரைவதற்கும் ஒத்திகை நடத்துவதற்கும் நிதி எளிதில் கிடைப்பதில்லை. அவற்றுக்குப் பெயர்ப்பலகை திறக்க முடியாது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நல்ல திட்டத்தில் என்ன இருக்கும்?

அவசரகாலத் திட்டம் என்றால் தடித்த கோவை என்று பொருளில்லை. அலுமாரியில் பூட்டிவைத்த நூறு பக்கத்தைவிட, சுவரில் ஒட்டிய இரண்டு பக்கம் உயிரைக் காக்கும். ஒரு குளத்துக்கான திட்டத்தில் குறைந்தது இவை இருக்கவேண்டும்.

முதலாவது, வெள்ள வரைபடம். வான்கதவு முழுதாகத் திறந்தால் எந்தக் கிராமத்துக்கு எத்தனை மணிநேரத்தில், எத்தனை அடி நீர் வரும்? அணைக்கட்டே உடைந்தால் என்ன? இரண்டும் வெவ்வேறு வரைபடங்கள்.

இரண்டாவது, படிநிலைகள். அவதானம், ஆயத்தம், வெளியேற்றம் என்று மூன்று நிலை என்றால், ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவு இருக்கவேண்டும். "நிலைமை மோசமானால்" என்று எழுதினால் போதாது. நீர்மட்டம் எத்தனை அடி என்று எழுதவேண்டும்.

மூன்றாவது, யார் யாருக்கு அறிவிப்பது. பெயரைவிடப் பதவியே முக்கியம். அந்தப் பதவியில் இருப்பவர் விடுமுறையில் இருந்தால் அடுத்தவர் யார்? தொலைபேசி வேலை செய்யாவிட்டால் வழி என்ன? கோயில் மணி, தேவாலய ஒலிபெருக்கி, மோட்டார் சைக்கிளில் செல்லும் இளைஞர்கள் என்பவை பழைய வழிகள்தான். கோபுரம் விழுந்த இரவில் அவைதான் இருக்கும்.

நான்காவது, யாரைத் தூக்கிச் செல்லவேண்டும் என்ற பட்டியல். வன்னியில் யுத்தத்தில் காலிழந்தவர்கள், கண்ணிழந்தவர்கள், உடலில் செல்துண்டோடு வாழ்பவர்கள் ஒவ்வொரு கிராமத்திலும் இருக்கிறார்கள். சிறு பிள்ளைகளோடும் முதிய பெற்றோரோடும் தனியாகக் குடும்பத்தைச் சுமக்கும் பெண்கள் இருக்கிறார்கள். நடந்துபோகக்கூடியவரை மனதில் வைத்து எழுதிய திட்டம் இவர்களை வெள்ளத்தில் விட்டுவிடும்.

ஐந்தாவது, கால்நடை. மாட்டை விட்டுவிட்டு வா என்றால் பல குடும்பங்கள் வராது. அந்த மாடுதான் அவர்களின் வங்கி. மாடுகளை ஓட்டிச்செல்ல மேட்டுநிலம் எது என்று திட்டத்தில் இல்லையென்றால், ஆட்களும் கடைசி நேரம்வரை வீட்டிலேயே இருப்பார்கள்.

ஆறாவது, ஒத்திகை. ஆண்டுக்கு ஒரு முறையாவது, மாரிக்கு முன், உண்மையாகவே அழைப்பெடுத்து, உண்மையாகவே நடந்து பார்க்கவேண்டும். அப்போதுதான் பட்டியலில் உள்ள தொலைபேசி எண் மாறிவிட்டது, பாடசாலைத் திறப்பு அதிபரிடம் இருக்கிறது, அவர் வேறு ஊரில் இருக்கிறார் என்பவை தெரியவரும்.

வைத்தியசாலைக்கும் இதே முறைதான். மின்பிறப்பாக்கி எந்தத் தளத்தில் இருக்கிறது? நிலமட்டத்துக்குக் கீழே என்றால் வெள்ளத்தில் முதலில் மூழ்குவது அதுதான். டீசல் எத்தனை மணிநேரத்துக்கு இருக்கிறது? ஒட்சிசன் எத்தனை நாளுக்கு? இரத்தச் சுத்திகரிப்புக்கு வாரம் இரண்டு, மூன்று முறை வரும் சிறுநீரக நோயாளர்கள் வீதி துண்டிக்கப்பட்டால் எங்கே போவார்கள்? டித்வாவின்போது சிலாபம் வைத்தியசாலைக்குள் வெள்ளம் புகுந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். மற்றவர்களைக் காக்கவேண்டிய இடமே காக்கப்படவேண்டிய இடமாக மாறியது.

யார் சொன்னால் மக்கள் எழுந்து நடப்பார்கள்?

தமிழில் "பாதுகாப்பு" என்ற சொல் இரண்டு வேலைகளைச் செய்கிறது. காப்பாற்றுவதும் பாதுகாப்பு, காவல் போடுவதும் பாதுகாப்பு. இலங்கையில் உட்கட்டமைப்புப் பாதுகாப்பு என்றதும் அரசுக்கு நினைவுக்கு வருவது இரண்டாவதுதான். பாலத்தடியில் காவலரண், குளக்கட்டில் முட்கம்பி. காவலரண் களவைத் தடுக்கலாம். குளக்கட்டின் கசிவை அது தடுக்காது. கசிவைக் கவனிப்பவர் கட்டில் நாளாந்தம் நடக்கும் நீர்ப்பாசன ஊழியரும், ஆடு மேய்க்க அங்கே போகும் ஊரவரும்தான். அவர்களை விலக்கிவைக்கும் பாதுகாப்பு, பாதுகாப்பைக் குறைக்கிறது. வெள்ள வரைபடத்தை இரகசியம் என்று பூட்டிவைப்பதும் அப்படித்தான். அது யாருடைய வீட்டைக் காட்டுகிறதோ, அவர்களிடம் அது இருக்கவேண்டும்.

இதைவிட ஆழமான ஒன்றும் இருக்கிறது. 2009இல் வன்னி மக்கள் "பாதுகாப்பு வலயம்" என்று அறிவிக்கப்பட்ட இடங்களுக்குப் போனார்கள். அந்த வலயங்களுக்குள்ளேயே செல் விழுந்தது. வைத்தியசாலைகள் தாக்கப்பட்டன. ஐக்கிய நாடுகளின் நிபுணர் குழு 2011இல் இதைப் பதிவுசெய்தது. அந்த அனுபவத்தோடு உயிர்தப்பிய ஒருவருக்கு, சீருடை அணிந்தவர் ஒலிபெருக்கியில் "பாதுகாப்பான இடத்துக்குச் செல்லுங்கள்" என்று அறிவிப்பது எப்படிக் கேட்கும்? அனர்த்த முகாமைத்துவ நூல்கள் "மக்கள் எச்சரிக்கையைப் புறக்கணிக்கிறார்கள்" என்று எழுதும். இங்கே மக்கள் எச்சரிக்கையைக் கேட்காமல் இல்லை, சொல்பவரை எடைபோடுகிறார்கள். ஆகவே அறிவிப்பவர் யார் என்பதையும் திட்டம் தீர்மானிக்கவேண்டும். கிராம அலுவலர், விவசாய அமைப்பின் தலைவர், மகளிர் சங்கத்தார், பங்குத்தந்தை, குடும்பநல உத்தியோகத்தர் போன்ற அறிமுகமான முகங்களின் வாயால் வரும் எச்சரிக்கைக்குத்தான் மக்கள் எழுந்து நடப்பார்கள்.

மொழியும் இதில் அடங்கும். டித்வாவின்போது தமிழில் எச்சரிக்கைகள் குறைவாகவும் தாமதமாகவும் வந்தன என்ற விமர்சனம் பரவலாக எழுந்தது. மண்சரிவு எச்சரிக்கை தேவைப்பட்ட மலையகத் தோட்டங்களில் வாழ்பவர்கள் தமிழ் பேசுபவர்கள். மொழிபெயர்ப்பு மூன்று மணிநேரம் பிந்தினால் அங்கே உயிர்கள் போகும். எச்சரிக்கை வாசகங்களை மும்மொழியிலும் முன்கூட்டியே எழுதி, இடத்தையும் நேரத்தையும் மட்டும் நிரப்பக்கூடியதாக வைத்திருந்தால், நள்ளிரவில் மொழிபெயர்ப்பாளரைத் தேடவேண்டியதில்லை. இதற்குப் பெரிய நிதியும் தேவையில்லை.

சட்டம் உங்கள் கையில்

ஆழிப்பேரலைக்குப் பின் வந்த 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம், அமைச்சுகளும் திணைக்களங்களும் அரச கூட்டுத்தாபனங்களும் தத்தமக்கான அனர்த்த முகாமைத்துவத் திட்டத்தைத் தயாரிக்கவேண்டும் என்கிறது. மாவட்டந்தோறும் அனர்த்த முகாமைத்துவப் பிரிவு இருக்கிறது. 117 என்ற அவசர இலக்கம் இருக்கிறது. காகிதத்தில் இல்லாதது அதிகமில்லை. காகிதத்திலிருந்து கிராமத்துக்கு இறங்குவதில்தான் தடை. வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் தேர்தல் இல்லை. இரணைமடு வெள்ளம் வந்தது அதற்கு இரண்டு மாதங்களின் பின். மக்களுக்குப் பதில் சொல்லவேண்டிய ஒரு மாகாண அமைச்சர் அன்று இருக்கவில்லை.

ஆனால் கேட்பதற்கு வழி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எந்தக் குடிமகனும் ஒரு குளத்தின், வைத்தியசாலையின், நீர்வழங்கல் திட்டத்தின் அவசரகாலத் திட்டத்தைத் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்பதை 14 வேலைநாட்களுக்குள் தகவல் அலுவலர் தீர்மானிக்கவேண்டும். ஒரு விவசாய அமைப்போ கிராம அபிவிருத்திச் சங்கமோ மாரிக்கு முன் எழுதி அனுப்பக்கூடிய கேள்விகள் இவை:

• எங்கள் குளத்துக்கு எழுத்திலான அவசரகாலத் திட்டம் இருக்கிறதா? கடைசியாக எப்போது திருத்தப்பட்டது?
• எங்கள் கிராமத்தைக் காட்டும் வெள்ள வரைபடத்தின் பிரதி எங்கே கிடைக்கும்?
• வான்கதவு திறப்பதற்கு எத்தனை மணிநேரத்துக்கு முன், எந்த வழியில், எந்த மொழியில் எங்களுக்கு அறிவிப்பீர்கள்?
• அணைக்கட்டு கடைசியாக எப்போது பரிசோதிக்கப்பட்டது? கண்ட குறைகள் சரிசெய்யப்பட்டனவா?
• எங்கள் தங்குமிடப் பாடசாலை வெள்ள வரைபடத்துக்கு வெளியே இருக்கிறதா? அங்கே நீர், மலசலகூடம், பெண்களுக்குத் தனியிடம் இருக்கின்றனவா?
• கடைசி ஒத்திகை எப்போது நடந்தது?

"திட்டம் இல்லை" என்று பதில் வந்தாலும் அது ஒரு பதில்தான். அந்தக் கடிதத்தோடு பிரதேச சபைக்குப் போகலாம், பத்திரிகைக்கு வரலாம்.

தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில் சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்டவர்கள் நாம். ஜாம் போத்தலில் விளக்கேற்றிப் பரீட்சை எழுதியவர்கள் நாம். பதுங்குகுழியை எங்கே வெட்டினால் மாரியில் தண்ணீர் நிற்காது என்று பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரிந்திருந்தது. அடையாள அட்டையையும் பிறப்புச் சான்றிதழையும் காணி உறுதியையும் ஒரே பையில் போட்டு வாசலுக்கருகே வைக்கும் பழக்கம் இன்றும் பல வீடுகளில் இருக்கிறது. அந்தப் பை ஒரு குடும்பத்தின் அவசரகாலத் திட்டம். அந்தத் திறமை பெருமைக்குரியதுதான். ஆனால் அதை மெச்சியே காலம் கடத்தினால், அரசு செய்யவேண்டிய வேலையின் சுமை மீண்டும் மக்களின் தோளிலேயே ஏறும்.

வீட்டுக்கு ஒரு பை இருக்கிறது. குளத்துக்கும் வைத்தியசாலைக்கும் பாலத்துக்கும் மின்நிலையத்துக்கும் அப்படி ஒன்று எங்கே இருக்கிறது, அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்கவேண்டும். மாரிமழை ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபர் அளவில் வந்துவிடும். கேட்பதற்கு அதற்கு முந்திய மாதங்கள்தான் உண்டு.